புகையற்ற வீட்டு விதி

உன்னிச்சையில் ஒரு வீட்டிலும் புகை இல்லை என்று அரசாங்கப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தவள் நான்தான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. வில்லங்கமே அதுதான்.

போன மாதம் எங்கள் பழைய சுகாதாரக் கந்தோரில் புதிதாக வந்த குடும்பநல மாதுக்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஓய்வுபெற்றவர்களில் நடக்கக்கூடியவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது பிள்ளைகளின் கையில் படிவம் இல்லை, பளபளவென்று ஒரு பலகை. விரலால் தட்டினால் கேள்வி வருகிறது, இன்னொரு தட்டுத் தட்டினால் விடை கொழும்புக்குப் போய்விடுகிறது. அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உங்கள் காலத்தில் எந்தப் பக்கத்தில் கூட, எழுவான்கரையிலா படுவான்கரையிலா என்று. வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். நான் வாய் தவறிப் படுவான்கரை என்று சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தேத்தண்ணி இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பி வந்தேன்.

நான் பயிற்சி எடுத்த கதை ஒன்றும் பெரிதில்லை. படித்தேன், பயந்தேன், பாஸ் பண்ணினேன். தன்னாமுனையில் வேலை போட்டார்கள். ஒரு சைக்கிள், ஒரு குடை, பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்று, பெரியவர்கள் ஏறி நிற்கும் தராசு ஒன்று. யுத்த காலம். படுவான்கரைக்கு நியமனம் கிடைத்தவர்கள் ஆறு மாதத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதனால் உன்னிச்சையும் என் தலையில் விழுந்தது. மாதம் இரண்டு முறை பாலத்தைக் கடந்து போய்க் கிளினிக் நடத்த வேண்டும். பாலத்தடிச் சாவடியில் நின்ற ஆமிக்காரர்கள் என் பையைக் கிளறிப் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பெரிய தராசை நிலத்தில் வைத்து, ஒவ்வொருவராக ஏறி நின்று நிறை பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு வழி. ஒருவனுக்கு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. சோற்றைக் குறை என்று சிங்களத்தில் சொல்ல நான் பழகியதே அவனுக்காகத்தான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சிஸ்டர் ரொசைரோ. டவுனில் பரம்பரையாக இருக்கும் பறங்கிக் குடும்பம். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு நடக்கும்போது சரசரவென்று சத்தம் போடும். நாங்கள் கதையை நிறுத்துவதற்கு அந்தச் சத்தம் போதும். கையில் எப்போதும் ஒரு பென்சில், ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. சரிக்கு நீலம், பிழைக்குச் சிவப்பு. என் படிவங்களைப் பார்த்த காலத்தில் அந்தப் பென்சிலின் சிவப்புப் பக்கம்தான் முதலில் தேய்ந்தது. எழுதியதை வெட்டினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். சுருக்கொப்பம் கோணலாகப் போய் அதை வெட்டினால், வெட்டியதற்கும் ஒரு சுருக்கொப்பம். எதை எழுதினாலும் கீழே காபன் தாள் வைத்து ஒரு பிரதி எடுத்துத் தன் அலுமாரியில் பூட்டிவிடுவார். மனுசி காதல் கடிதம் எழுதியிருந்தாலும் காபன் வைத்துத்தான் எழுதியிருக்கும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கலியாணம் கட்டாததால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

அந்த நாட்களில்தான் கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரிலிருந்து ஒரு கட்டுப் படிவம் வந்து இறங்கியது. புகைக்காதவர்கள் தங்கள் வீட்டுக்குள் மற்றவர்களைப் புகைக்க விடுகிறார்களா, அந்தக் கட்டுப்பாடு பகுதிக்குப் பகுதி எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். வெளியே ஷெல் விழுகிற காலத்தில், வீட்டுக்குள் சுருட்டுப் புகை எவ்வளவு என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். நல்ல மனுசனாகத்தான் இருப்பார்.

படிவத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியவருக்கு நல்ல தமிழ் தெரிந்திருந்தது. ஆனால் தமிழ் ஆட்களோடு கதைத்துப் பழகியவராகத் தெரியவில்லை. நாங்கள் சுருட்டுப் பத்துவோம், சிகரட் பத்துவோம், பீடி குடிப்போம். புகைப்பது எங்கள் ஊரில் ஈர விறகுதான். படிவத்திலோ முதல் கேள்வி: "நீங்கள் புகைப்பவரா?" ஆம் என்றால் நன்றி சொல்லி எழும்பிவிட வேண்டும். இல்லை என்றால் இரண்டாவது: "உங்கள் வீடு புகையற்ற வீடா? முற்றாக, பகுதியளவில், இல்லை." மூன்றாவது: "இவ்விதியை ஏற்படுத்தியவர் யார்? கணவர், மனைவி, மூத்தோர், ஏனையோர்." நான்காவது: "இவ்விதி தொடர்ந்தும் கடைப்பிடிக்கப்படுமா?"

இதை விளங்கப்படுத்தித்தான் கேட்க வேண்டும் என்று நான் சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் பென்சிலைச் சிவப்புப் பக்கம் திருப்பினார்.

"ஒரு சொல்லும் கூட்டப்படாது, ஒரு சொல்லும் குறைக்கப்படாது. நீ விளக்கம் குடுத்தா மறுகா வாறது உன்ட விடை. எனக்கு அவங்கட விடை வேணும்."

பிறகு என்னை அலுமாரிக்கு முன்னால் நிறுத்தி, நாலு கேள்வியையும் அலுமாரியிடம் கேட்கச் சொன்னார். குரல் ஏறக்கூடாது, புருவம் ஆடக்கூடாது. ஆடினால் ஆட்கள் முகத்தைப் பார்த்து விடை சொல்வார்களாம். ஒரு பின்னேரம் முழுக்க நான் அந்த அலுமாரியிடம் அது புகைக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த அறைக் கிளாக்கர்மார் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தன்னாமுனையில் வேலை சுகமாகவே நடந்தது. அந்தப் பக்கத்துச் சனம் பஸ்ஸில் போய் வருகிற சனம். பஸ்ஸுக்குள் 'புகைத்தல் தடை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருந்தார்கள். கேள்வியைக் கேட்டவுடன் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் புருசனுக்குக் கோழிக்கூட்டடியில் மட்டும் அனுமதி. இன்னொரு வீட்டில் முற்றத்து முருங்கை வரைக்கும் வரலாம், முருங்கை தாண்டினால் சண்டை. இன்னொருத்தி, வீட்டுக்குள் பத்தலாம், ஆனால் புகையை வெளியே போய் விட வேண்டும் என்று விதி வைத்திருந்தாள். அந்த மனுசன் வாயை உப்பிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதை நானே பார்த்தேன். முற்றாகவா பகுதியளவிலா என்று அவளிடம் கேட்டபோது, அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பொறுத்தது என்றாள்.

என் சொந்த வீட்டிலேயே சிக்கல் இருந்தது. என் வீட்டுக்காரர் சிகரட் பத்துவார். வாவிக்கரைக்குப் போய்ப் பத்துங்கள் என்பதுதான் என் சட்டம். ஆனால் பொழுதுபட்ட பிறகு வாவிக்கரையில் நெருப்புத் தெரிந்தால் அக்கரையிலிருந்து சுடுவான். அதனால் மனுசன் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, கழுத்தை நீட்டிப் புகைக்கூட்டுக்குள் தலையை விட்டுப் பத்துவார். இதை எந்தக் கட்டத்தில் போடுவது? சிஸ்டரிடம் கேட்டேன். புகைக்கூடு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று சிஸ்டர் கேட்டார். அடி உள்ளே, நுனி வெளியே என்றேன். ஆள் எங்கே என்றார். தலை புகைக்கூட்டில், மீதி வீட்டில் என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, பகுதியளவில் என்று நீலத்தில் அடையாளம் போட்டுத் தந்தார்.

கல்குடாவுக்கும் அனுப்பினார்கள். அங்கே கடற்காற்றில் நெருப்புக்குச்சி நிற்காது என்பதால் எல்லோரும் வீட்டுக்குள்தான் பத்துவார்கள். பெண்களும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வயதான மனுசியிடம் நீங்கள் புகைப்பவரா என்று வாசித்தேன். மருமகளோடு கொஞ்சம் புகைச்சல் இருக்கிறது, ஆனால் அவள்தான் தொடங்கினது என்றார். அந்த வீட்டில் மட்டும் ஒரு மணித்தியாலம் போனது.

ஆகவே பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபாடு இருப்பது உண்மைதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கெட்டித்தனமாக விளங்கிக்கொண்டு உன்னிச்சைக்குப் போனேன்.

அந்த வருசம் உன்னிச்சையில் வயல் வட்டை விதைக்கவில்லை. விதைப்புக் காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. திரும்பி வந்தபோது பருவம் தப்பிவிட்டது, வயல்வெளி முழுக்கப் புல். றோட்டைப் பூட்டினால் கூப்பன் அரிசி கொண்டுவரும் லொறி வராது. திறந்தால் எப்போதாவது வரும். பஸ் வந்து இரண்டு வருசம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மூளையில் ஏறவில்லை. ஏனென்றால் நான் அலுமாரியிடம் பழகிய மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வீட்டு மனுசியிடம் இரண்டாவது கேள்வியை வாசித்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓம் மிஸ்ஸி என்றார். முற்றாகவா பகுதியளவிலா? காலையில் இல்லை, பின்னேரம் மட்டும் கொஞ்சம் என்றார். பகுதியளவில் என்று அடையாளமிட்டேன். இவ்விதியை ஏற்படுத்தியவர் யார்?

"விதிய ஆரு மிஸ்ஸி ஏற்படுத்துற? ஆண்டவன்தான்."

படிவத்தில் ஆண்டவனுக்குக் கட்டம் இல்லை. ஏனையோர் என்ற இடத்தில் சரி போட்டேன். தொடர்ந்தும் கடைப்பிடிக்கப்படுமா என்று கேட்டதற்கு, அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்று எழுதினேன். அடுத்த வீட்டிலும் ஆண்டவன். அதற்கடுத்த வீட்டில் பிள்ளையார். தன்னாமுனையில் பெண்சாதி போட்ட விதி, இங்கே தெய்வம் போட்ட விதி. என்ன பக்தியான சனம் என்று நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மிஸ்ஸி புகையில்லாத வீடுகளைப் பதிகிறாவாம் என்று. நான் ஒரு படலையைத் திறக்கிறேன், உள்ளே அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் சர்ரென்று கேட்கிறது. வருகிறவளுக்குக் கண் எரியக்கூடாது என்று அணைக்கிறார்கள் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன்.

கடைசிக்கு முந்தின வீடு பூமணியின் வீடு. அவள் என் கிளினிக் பிள்ளை. வயிற்றில் ஏழு மாதம். புருசன் மலேரியாக் காய்ச்சலோடு டவுன் ஆஸ்பத்திரியில். வீட்டில் அவளும், மூத்த பிள்ளையும், மாமனார் கணபதியாரும். கணபதியார் நடுவீட்டில் குந்தியிருந்து, முழ நீளத்தில் ஒரு சுருட்டைப் பத்திக்கொண்டிருந்தார். வேலியோரம் தானே நட்ட நாலு புகையிலைக் கன்றிலிருந்து சுற்றிய சுருட்டு. அது போட்ட புகையில் எனக்குப் பூமணியின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. உங்கள் வீடு புகையற்ற வீடா என்று இருமிக்கொண்டே வாசித்தேன். ஓம் என்றாள். முற்றாகவா? முற்றாகத்தான் என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணபதியாரைப் பார்த்தேன்.

"புகையில வேலியில இரிக்கு புள்ள. வீட்டில புகையில்ல," என்றார் அவர், புகைக்குள் இருந்து.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுசனால் பொய் சொல்ல முடியாது என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் சொன்னதை எழுது என்பதுதானே கட்டளை. முற்றாக என்று எழுதினேன். பேனையை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

சிஸ்டர் படிவங்களைப் பார்த்தார். ஒரு வீடு விடாமல் புகையற்ற வீடு. விதியை ஏற்படுத்தியவர் எல்லா இடமும் ஏனையோர். இது எப்படி என்று கேட்டார். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன் சிஸ்டர், ஒரு சொல் கூட்டவில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீலம் போட்டார். காபன் பிரதிகள் அலுமாரிக்குள் போயின.

எங்கள் வைத்திய அதிகாரி இளம் ஆள். நல்ல மனம், அவசரப் புத்தி. மேசையில் அந்தப் படிவங்களைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். யுத்தத்துக்குள் இப்படி ஒரு கிராமமா? அன்றைக்கே மூலப் படிவங்களைக் கொழும்புக்கு அனுப்பினார். அடுத்த கிளினிக் நாளில் உன்னிச்சைப் பள்ளிக்கூடத்தில் விழா என்றார். 'புகையற்ற முன்மாதிரிக் கிராமம்' என்று சிவப்புத் துணியில் பனர் எழுதுவித்தார்.

விழா நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். சனம் வந்த வரத்து சொல்ல முடியாது. கிளினிக்குக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருகிற ஊரில் ஆணும் பெண்ணும் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் மடித்த உரப்பை. தரையில் விரித்து இருப்பதற்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், என்ன ஒழுங்கு என்று மெச்சினேன். என் புத்தி அன்றைக்கு அப்படி வேலை செய்தது.

பூமணி தராசில் ஏறினாள். போன மாதத்தைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. ஏற வேண்டிய மாதம், இறங்குகிறது. ஆமிக்காரர்கள் ஏறி ஏறித் தராசைக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து நானே ஏறிப் பார்த்தேன். தராசில் பிழையில்லை. அவளை மறுபடியும் ஏற்றினேன். அதே நிறை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"என்ன கா, சாப்பிடுற இல்லையா நீ?"

"நான் சொன்னன்தானே மிஸ்ஸி. நீங்க எழுதினீங்கதானே."

"என்னத்த எழுதின?"

"புகையில்லாத வீடெண்டு. முற்றாக எண்டு."

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக என் தலையில் விழுந்தது. முதல் வீட்டு மனுசியின் கண்ணீர், பின்னேரம் மட்டும் கொஞ்சம் என்றது, அடுப்பில் ஊற்றிய தண்ணீர், உரப்பை எல்லாம். உலை வைக்காத வீட்டைத்தான் இந்தச் சனம் புகையில்லாத வீடு என்று சொல்லியிருக்கிறது. நான் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் சோறாக்குவதில்லையா, முற்றாகவா பகுதியளவிலா என்று முகம் மாறாமல் கேட்டிருக்கிறேன். நிவாரணத்துக்குப் பதிகிறேன் என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் எரிந்த அடுப்பை அணைத்தும் இருக்கலாம். ஆனால் பூமணி அணைக்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வாங்கில் அப்படியே இருந்துவிட்டேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதற்குள் மேடையில் டொக்டர் ஐயா ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். நான் எழும்பி ஓடினேன். சனத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. தூரத்தில் நின்று, வேண்டாம், நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினேன். புகை, சோறு, வயிறு என்று எல்லாவற்றையும் கையாலேயே காட்டினேன். அவர் எனக்குத் தலையை ஆட்டிவிட்டு, இந்தத் தகவலைத் திரட்டிய நமது மருத்துவ மாது அதோ நிற்கிறார், கைதட்டுங்கள் என்றார். சனம் கைதட்டியது.

பிறகு பேசினார். உங்கள் வீடுகளில் புகை இல்லை என்று கேட்டபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது என்றார். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஒற்றுமையாக இந்த நிலையை அடைந்திருக்கிறீர்கள் என்றார். அயல் கிராமங்களும் உங்களைப் போல ஆக வேண்டும், இந்த நிலை உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தொடர வேண்டும் என்றார். உரப்பைகள் கூட அசையவில்லை. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்புத்தான் முதலில் வருகிறது, அதற்காக என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

கணபதியார் எழும்பினார். வாயில் சுருட்டு, கையில் உரப்பை.

"ஐயா சொன்னதெல்லாம் நல்லது. சாமானுக்கு நிக்கிற நிரை எங்கால? அரிசியா, மாவா?"

டொக்டர் ஐயா பனரைத் திரும்பிப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை மெதுவாகக் கீழே வைத்தார்.

சிஸ்டர் என்னைக் கரும்பலகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். நடந்ததைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏசவில்லை. பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார், பூமணிக்கு முன்னால் போய் இருந்தார், இரண்டாவது கேள்வியை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார். பூமணி அதே விடையைச் சொன்னாள். சிஸ்டர் படிவத்தை மடித்தார். அதற்குப் பிறகு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"அடுப்பு மூட்டி எத்தின நாள் மகள்?"

"நாலு நாள். மிஸ்ஸி பதிய வந்ததுக்குப் பிறகு அது ஒருக்காத்தான் மூட்டின. பக்கத்து வீட்டில கஞ்சி தந்தா மூத்ததுக்குக் குடுப்பன்."

"உனக்கு?"

"வெத்தில போடுவன் சிஸ்டர். மாமாவுக்குச் சுருட்டு இரிக்கு. பத்தினா பசி தெரியாதாம்."

சிஸ்டர் எழும்பி டொக்டர் ஐயாவிடம் போனார். அவர் வியர்த்துப் போய் நின்றார். பிள்ளையின் வேலையில் பிழையில்லை, விடைகளிலும் பிழையில்லை, கேள்வியில்தான் பிழை என்றார். டொக்டர் ஐயா விழாவுக்கு வந்த பணிஸையும் வாழைப்பழத்தையும் மேசையோடு தூக்கிச் சனத்துக்குள் வைத்தார். பூமணியையும் மூத்த பிள்ளையையும் தன் ஜீப்பிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கணபதியாரும் ஏறிக்கொண்டார். ஜீப்புக்குள் சுருட்டுப் பத்தக்கூடாது என்று டொக்டர் ஐயா சொல்லவேயில்லை. சொல்லுகிற நிலையில் அவர் இல்லை.

அன்று பின்னேரமே சிஸ்டர் அலுமாரியைத் திறந்து காபன் பிரதிகளை எடுத்தார். யார் வீடு, எத்தனை பேர், எந்த வீட்டில் முற்றாக இல்லை, எந்த வீட்டில் ஒரு நேரம் மட்டும், எல்லாம் அதில் இருந்தது. உலை வைக்காத வீடுகளின் பட்டியல் அதைவிட ஒழுங்காக இந்த மாவட்டத்தில் யாரிடமும் இருந்திருக்காது. தலைப்பில் 'புகையற்ற வீடுகள்' என்றிருந்ததை வெட்டவில்லை. அடுப்பு மூட்ட வழியில்லாத வீடுகள் என்று பொருள் கொள்ளவும் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதி, டொக்டர் ஐயாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு மாவட்ட நிர்வாகக் கந்தோரான கச்சேரிக்குப் போனார். நாளை வாருங்கள் என்று சொன்னவரின் மேசைக்கு முன்னால், குடையை மடியில் வைத்துக்கொண்டு, கந்தோர் பூட்டும் வரைக்கும் இருந்தாராம். மறுநாளும் போய் இருந்தார். மூன்றாம் நாள் மனுசர் தாங்க மாட்டாமல் ஒப்பம் வைத்துவிட்டார். றோட்டுத் திறந்தவுடன் லொறி போனது. முற்றாக என்று நான் தாள் கிழியக் கிழிய எழுதிய வீடுகளுக்குத்தான் முதலில் அரிசி இறங்கியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து அடுத்த கட்டு வந்தது. இரண்டாம் சுற்றாம். அதே வீடுகள், அதே கேள்விகள். இரண்டாவது கேள்வியை மாற்ற வேண்டும் என்று சிஸ்டர் எழுதிக் கேட்டார். மாற்றினால் முதல் சுற்றோடு ஒப்பிட முடியாமல் போய்விடும், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று பதில் வந்தது. சிஸ்டர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, போய் வாசி பிள்ள என்றார்.

போய் வாசித்தேன். முதல் வீட்டு மனுசி என்னை வாசலிலேயே மறித்து, இல்லை மிஸ்ஸி, இப்போது புகை இருக்கிறது என்றார். அடுத்த வீட்டிலும் இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை, யாரும் அடுப்பில் தண்ணீர் ஊற்றவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு படிவமும் கிழியவில்லை.

பூமணியின் வீட்டுக்குப் போனபோது கணபதியார் வேலியோரம் வெயிலில் குந்தியிருந்தார். முகம் சரியில்லை. பேத்தி பிறந்த நாளிலிருந்து சுருட்டோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று மருமகள் போட்டுவிட்டாளாம். சோறு கிடைக்காத நாளெல்லாம் நடுவீட்டில் இருந்து பத்தினேன், சோறு வந்தவுடன் என்னை வெளியில் போட்டுவிட்டாள் என்று என்னிடம் முறையிட்டார். ஆகக்கூடி, கொழும்பில் இருந்த அந்த நல்ல மனுசன் தேடிய புகையற்ற வீடு உன்னிச்சையில் உண்மையாகவே ஒன்று உண்டாகியிருந்தது. ஏற்படுத்தியவர் மனைவிதான், ஆண்டவன் இல்லை.

உள்ளே போனேன். குசினியில் ஈர விறகு வைத்திருந்தாள். நெல்லுச்சோறு கொதிக்கிறது, வீடு முழுக்கப் புகை, எனக்குக் கண் திறக்க முடியவில்லை. பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டேன். நல்ல நிறை. கையைக் காலை உதறித் தராசையே ஆட்டியது. பிறகு படிவத்தை விரித்துக் கேள்வியை வாசித்தேன்.

"இல்ல மிஸ்ஸி," என்றாள் பூமணி. "முற்றாகப் புகைதான். அப்பிடியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஈர விறகு என்று அவளிடம் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது, தடித்த எழுத்தில், அவசரம் என்று முத்திரை குத்தி. முதற் சுற்றில் உன்னிச்சையில் சகல வீடுகளும் புகையற்ற வீடுகளாக இருந்தன. இரண்டாம் சுற்றில் ஒரு வீடேனும் அவ்வாறில்லை. இக்குறுகிய காலத்தினுள் ஏற்பட்ட இப்பாரிய பின்னடைவுக்கான காரணத்தைச் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் உடனடியாக விளக்குக. டொக்டர் ஐயா இரண்டு பக்கத்துக்கு ஒரு பதில் எழுதினார், பிறகு கிழித்துப் போட்டார். சிஸ்டர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, விளக்கம் என்ற இடத்தில் எழுதினார்: அவ்வீடுகளுக்கு அரிசி கிடைத்தது.